விலக்கு என்னும் சொல்

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் நீளமானதல்ல. செம்பவாங்கில் ரயில் ஏறினால் தோபி காட் வருவதற்குள் படித்துவிடலாம். நான் அப்படித்தான் படித்தேன். 2000இல் நிறைவேறி 2003 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. 1996 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்து, சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்களான பிள்ளைகள் தேசியத் தொடக்கப்பள்ளிக்கு ஒழுங்காகப் போக வேண்டும். அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நான் 1996இல் பிறந்தவன், 2003இல் தொடக்கநிலை ஒன்று. இந்தச் சட்டம் முதன்முதலாகப் பிடித்து உட்காரவைத்த வகுப்பு எங்களுடையது.

பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா? சட்டத்தில் தேடினால் அப்படியொரு உரிமை இல்லை. இருப்பது விலக்கு. கல்வி அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். யார் கற்பிக்கப் போகிறார், என்ன பாடத்திட்டம் என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் நிபந்தனையோடு விலக்குக் கிடைக்கும். ஆண்டுக்குச் சில பத்துப் பிள்ளைகள் இப்படி வீட்டில் படிக்கிறார்கள்.

உரிமைக்கும் விலக்குக்கும் உள்ள தூரம் வக்கீல்கள் பேசவேண்டிய விஷயம். எனக்கு அந்தச் சொல்லே போதும். தமிழில் விலக்கு ஒரு விசித்திரமான சொல். வரிவிலக்கு என்றால் சலுகை. ஊர்விலக்கு என்றால் தண்டனை. வீட்டுவிலக்கு என்றால் அது எந்தெந்தப் பெண்களை எந்தெந்த மூலையில் உட்கார வைத்தது என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும். ‘நீ வரவேண்டாம்’ என்று கருணையோடு சொன்னாலும் அதே சொல், வெறுப்போடு சொன்னாலும் அதே சொல். பள்ளிக்கு வெளியே வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய தமிழ்ப் புத்தகங்களை வாசிக்கும்போது இந்த இரண்டு அர்த்தங்களையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் தப்பான புத்தகத்தைச் சாட்சிக்கு அழைத்துவிடுவோம்.

இதைச் சொல்லக் காரணம் ஒரு சீனியர். பல்கலைக்கழகத்தில் என்னைவிட மூன்று வருடம் மூத்தவர். மகளுக்கு நான்கு வயதாகிறது. வீட்டிலேயே கற்பிக்கப் போவதாகச் சொன்னார். அவர் காரணங்களை நான் கேலி செய்யமாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் பிஎஸ்எல்இ என்ற கல்லைக் கட்டுவது, வாரத்தில் நான்கு நாள் டியூஷன், ஞாயிற்றுக்கிழமையும் ஒர்க்ஷீட். இதெல்லாம் நாங்கள் எல்லாரும் தாண்டி வந்ததுதான். “என் பொண்ணு, நான் சொல்லித் தர்றேன். இதுக்கு எதுக்குத் தம்பி பர்மிஷன்?” என்றார். பிறகு தமிழ் வாசகர்கள் எல்லாரும் கடைசியில் கையில் எடுக்கும் ஆயுதத்தை எடுத்தார்: “உ.வே.சா. எந்த ஸ்கூல்ல படிச்சார்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புகுந்தால் ‘என் சரித்திரம்’ முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். வாசித்தேன். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து 1950இல் நூலான அந்தப் புத்தகம், வீட்டுவழிக் கல்வியின் ஆகச்சிறந்த விளம்பரம் என்றே சொல்லலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய சிறுவயது அதில் இருக்கிறது. ஆனால் மனதில் நிற்பது வேறு. பையனுக்கு நல்ல தமிழாசிரியர் கிடைக்க வேண்டும் என்பதற்காக அப்பா குடும்பத்தையே ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகிறார். அரியலூர், குன்னம், செங்கணம் என்று ஒரு ஆசிரியரிடமிருந்து அடுத்தவரிடம். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. கட்டணம் கேட்காமல், சாதி சமயம் பெரிதாகப் பார்க்காமல், சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவரையும் கூடவே வைத்துக்கொண்டு பாடம் சொன்னவர். பாடத்திட்டம் இல்லை, வகுப்பறை இல்லை, பரீட்சை இல்லை. புத்தகமும் ஆசிரியரும் பசியும்தான். இன்றைக்கு எந்தக் கல்வியாளரிடம் காட்டினாலும் கண் கலங்கிவிடும்.

ஆனால் மெதுவாக வாசிக்கும்போது வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. வேலையே இல்லாத பையன் அவர். அப்பா சங்கீதம் தெரிந்தவர், கதாகாலட்சேபம் செய்பவர். ஊர்ப் பெரிய மனிதர்கள் நெல்லும் பணமும் கொடுத்துக் குடும்பத்தை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பையன் படிப்பதற்காக ஒரு ஊரே சோறு போடுகிறது. அப்படிப்பட்ட வீடுதான் பள்ளியாக முடிந்தது. அதே அக்கிரகாரத்தில் அதே வயதில் இருந்த பெண்பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்ற இடத்தில் புத்தகம் நிற்பதில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. இன்னொன்று: இத்தனை வருடக் குருகுலத்துக்குப் பிறகு, 1880இல் உ.வே.சா.வுக்கு நிலையான பிழைப்பைக் கொடுத்தது கும்பகோணம் அரசினர் கல்லூரி. மணியடித்தால் தொடங்கி மணியடித்தால் முடியும் இடம். சீனியரிடம் இதைச் சொன்னபோது “அது வேற விஷயம்” என்றார். வேற விஷயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உ.வே.சா.வுக்குக் கிடைத்தது விலக்கின் முதல் அர்த்தம். சலுகை.

இரண்டாவது அர்த்தத்துக்கு நான் ‘கூளமாதாரி’யிடம் போவேன். பெருமாள்முருகனின் இந்த நாவல் வந்ததும் 2000இல்தான், சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு. கூளையன் கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்க்கும் சக்கிலியர் வீட்டுப் பையன். நெடும்பன், வவுறி, செவிடி என்று கூட மேய்க்கும் மற்றவர்கள். பேர்களைப் பாருங்கள், ஒன்றுகூட வருகைப் பதிவேட்டில் எழுதும் பேர் இல்லை. உடம்பைப் பார்த்து வைத்த பேர்கள்.

அமெரிக்காவில் வீட்டுவழிக் கல்விக்கு வழிகாட்டியவர்களில் ஜான் ஹோல்ட் முக்கியமானவர். 1977இல் இதற்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1981இல் பெற்றோருக்கான ஒரு நூலும் எழுதினார். குழந்தைக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை, நிஜ வாழ்க்கையின் நடுவில் விட்டால் தானே கற்றுக்கொள்ளும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த அளவுகோலை அப்படியே எடுத்துக் கூளையன் மேல் வைத்துப் பாருங்கள். ஆடுகளை ஒவ்வொன்றாக அறிந்தவன். காடு தெரியும், கிணறு தெரியும், பனை தெரியும், எந்த மாதத்தில் எது காயும் எது பழுக்கும் என்று தெரியும். மதிப்பெண் இல்லாமல், ஒர்க்ஷீட் இல்லாமல் நாள் முழுக்க வெயிலில் நின்று கற்றவன். ஹோல்ட் கணக்கில் வெற்றி பெற்ற மாணவன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. நாவலை வாசித்த யாருக்கும் கூசும். ஹோல்ட் நல்ல மனிதர், குழந்தைகள் மேல் உண்மையான மரியாதை வைத்திருந்தவர். ஆனால் ‘நிஜ வாழ்க்கை’ என்று அவர் எழுதும்போது அவர் கண்ணுக்குள் இருந்தது நூலகமும் தச்சுப்பட்டறையும் உள்ள ஊர். பண்ணையம் இல்லை.

நாவலில் பள்ளிக்குப் போகும் பையனும் இருக்கிறான். பண்ணைக்காரர் மகன் செல்வன். அவன் பள்ளியிலிருந்து வந்ததும் இவர்களோடு விளையாட வருகிறான். இருவருக்கும் இடையிலான சிநேகத்தை முருகன் பொய்யாக்கவில்லை, அதனால்தான் நாவல் அவ்வளவு வலிக்கிறது. ஒரே மேட்டில், ஒரே வெயிலில், ஒருவனுக்கு இது பொழுதுபோக்கு. இன்னொருவனுக்கு இது வருசக்கூலி.

இங்கே ஒரு தேங்காய்க் கதை. ‘கூளமாதாரி’யில் தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றுக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பாமாவின் ‘கருக்கு’விலும் (1992) ஒரு தேங்காய் உண்டு. பள்ளியில் விளையாடும்போது விழுந்த தேங்காய்க்காக அவரைத் திருடி என்கிறார் தலைமையாசிரியர். இனி பள்ளிக்குள் வராதே என்று துரத்துகிறார். அந்தப் பெண் பாதிரியாரிடம் போய்க் கடிதம் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறது. இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்து வாசித்ததால்தான் இது எனக்குத் தட்டுப்பட்டது. இரண்டு இடத்திலும் அவமானம் ஒன்றுதான். ஆனால் பண்ணை கொடுத்த தண்டனை கிணறு, பள்ளி கொடுத்த தண்டனை ‘வீட்டுக்குப் போ’. வீட்டுக்குப் போகச் சொல்வது ஒரு குழந்தைக்குத் தண்டனையாகும் இடத்திலிருந்து எழுதுபவருக்கு, வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமை என்ற பேச்சு எப்படிக் கேட்கும்? பாமா பள்ளியை மன்னிக்கவே இல்லை. அதன் ஒவ்வொரு கொடுமையையும் பேர் சொல்லி எழுதியிருக்கிறார். ஆனாலும் திரும்பிப் போனார். படித்தால்தான் இந்த இழிவைத் தூக்கி எறிய முடியும் என்று அண்ணன் சொன்னது அவருக்குள் நின்றுவிட்டது.

என் பாட்டி செம்பவாங் நேவல் பேஸ் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் அப்பாவுக்குக் கடற்படைத் தளத்தில் கூலிவேலை. தம்பிகள் பள்ளிக்குப் போனார்கள், பாட்டி வீட்டில் இருந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார். இப்போதும் போஸ்டாபீஸ் காகிதம் எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார். சீனியர் சொன்னதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு கேட்டார்: “அனுப்பாம இருக்கிறதுக்கு எதுக்குய்யா சட்டம்? எங்கப்பா ஒரு சட்டமும் இல்லாமத்தான அனுப்பல?”

தமிழ்நாட்டில் ‘வீட்டில் கற்பது’ என்ற யோசனைக்கு அரசாங்க முத்திரை விழுந்தது ஒருமுறை. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மிச்சப் பொழுது வீட்டில் அப்பா அம்மாவின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிகளும் வாத்தியார்களும் போதவில்லை, இரண்டு ஷிப்டாக நடத்தினால் இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது ஒரு காரணம். ஒரு எஞ்சினியராக எனக்கு அந்தக் கணக்குப் புரிகிறது. எந்த வீட்டில் எந்தத் தொழில் என்பதைச் சாதி ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்த ஊரில் அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம் என்பதும் புரிகிறது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள், அந்தப் பெயரே நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. தமிழில் வீட்டுவழிக் கல்வியைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த இரண்டு வருடங்களைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் முகநூலில் நான் வாசிக்கும் பெரும்பாலான கட்டுரைகள் தாகூரிலிருந்து நேராக ‘டோட்டோ-சான்’னுக்குத் தாவிவிடுகின்றன. ‘டோட்டோ-சான்’ எனக்கும் பிடித்த புத்தகம்தான். ஆனால் அதில் வருவது பள்ளிக்கூடம் என்பதைக்கூட மறந்துவிடுகிறார்கள். ரயில்பெட்டி என்றாலும் வகுப்பறை வகுப்பறைதானே.

இதையெல்லாம் வைத்து நான் சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சட்டத்துக்குள்ளேயே விலக்கு இரண்டு முகத்தோடு இருந்தது. 2003இல் விலக்குப் பெற்றவர்களில் வீட்டில் கற்பிக்க விரும்பியவர்கள் ஒரு பக்கம். மதரஸாவுக்கு அனுப்ப விரும்பியவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் கேட்டு வாங்கினார்கள். மூன்றாவது பக்கம் கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள். அவர்களுக்கும் கட்டாயக் கல்வியிலிருந்து விலக்கு. இது கேட்டு வாங்கியதல்ல. ‘உங்கள் பிள்ளை வராவிட்டால் உங்களைத் தண்டிக்கமாட்டோம்’ என்பதைக் கனிவாகவும் வாசிக்கலாம், ‘உங்கள் பிள்ளை வரவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை’ என்றும் வாசிக்கலாம். பல பெற்றோர் இரண்டாவதாகத்தான் வாசித்தார்கள். அந்தப் பிள்ளைகள் சட்டத்துக்குள் வந்தது 2019இல். ஒரே சட்டத்தில் சிலர் வெளியே போகப் போராட, சிலர் உள்ளே வரப் போராடியிருக்கிறார்கள். வெளியே போகக் கேட்டவர்களின் வாதங்கள்தான் நமக்கு அதிகம் தெரிந்திருக்கின்றன.

அளவுகோல் விஷயத்திலும் எனக்குச் சண்டை இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளை பன்னிரண்டு வயதில் பிஎஸ்எல்இ எழுத வேண்டும். அதற்கு முன் தேசியக் கல்வி வினாடிவினா ஒன்று. பிஎஸ்எல்இயில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என நான்கு பாடங்களையும் எழுதும் பிள்ளைகள் நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 33ஆம் இடத்தில் இருப்பவரையாவது இந்தப் பிள்ளை எட்ட வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும். கொஞ்சம் யோசித்தால், இப்படி வரையறுத்த மாத்திரத்திலேயே பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தாக வேண்டும். எல்லாரும் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் சரி. வெளியிலிருந்து வாங்கும் பாகங்கள் இந்த அளவில் தேற வேண்டும், நம் பட்டறையில் செய்பவற்றில் மூன்றில் ஒன்று தேறாவிட்டாலும் கவலையில்லை என்று நான் ஒரு ஸ்பெக் எழுதினால் என் மேனேஜர் சிரிப்பார். பள்ளியில் பின்தங்கும் பிள்ளையை ஒரு ஆசிரியராவது பார்க்கிறார், வீட்டில் பின்தங்கினால் பார்க்க ஆளில்லை என்பது இதற்கு வரும் பதில். அது நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பதிலுக்குத் தகுந்த ஏற்பாடு, போய்ப் பார்ப்பது. கோடு போடுவது அல்ல.

அந்த நான்கு பாடங்களில் ஒன்று தாய்மொழி. இங்கேதான் சிங்கப்பூர்த் தமிழ் வாசகனாக என் நிலை சிக்கலாகிறது. வீட்டுவழிக் கல்வியின் தர்க்கப்படி, வீடு வேறு எதைக் கற்பிக்க முடியாவிட்டாலும் தாய்மொழியைக் கற்பிக்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்கு முன் அது 3.3. தமிழ்வழியில் நடந்த கடைசி உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன் பிறகு இங்கே ஒரு பிள்ளை கட்டாயமாகத் தமிழ் எழுத்தைப் பார்க்கும் இடம், ஆங்கிலவழிப் பள்ளிக்கூடத்தின் தமிழ் வகுப்புதான். அந்த வகுப்பைப் பற்றி எனக்கு ஆயிரம் புகார் உண்டு. கருத்தறிதல் பயிற்சியில் வரும் முருகனும் மாலாவும் எந்த ஊரில் வாழ்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இந்த இணைய இதழை வாசிக்கும் என் வயதுச் சிங்கப்பூர்க்காரர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டாயம் இல்லாமலேயே இந்த வரிவரை வந்திருப்பார்கள்? சீனியர் மகளோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறார். அது குற்றமில்லை. ஆனால் உ.வே.சா.வைத் துணைக்கு அழைத்தவர் அவர்.

உரிமை என்றால் யாருடைய உரிமை என்ற கேள்வியை மிகச் சுருக்கமாகக் கேட்டவர் ஒரு நீதிபதி. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கு. ஆமிஷ் சமயக் குழுப் பெற்றோர், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. இன்றும் வீட்டுவழிக் கல்விக்காரர்கள் தூக்கிப் பிடிக்கும் தீர்ப்பு அது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டு எழுதினார்: பெற்றோரும் அரசும் மோதிக்கொள்கிறார்கள், பிள்ளைகளைக் கேட்டீர்களா? அவர்களில் ஒருவருக்குப் பியானோ கலைஞராகவோ விண்வெளி வீரராகவோ ஆக விருப்பம் இருக்கலாமே என்பது அவர் கேள்வியின் பொருள். சிங்கப்பூர் விண்ணப்பத்தில் பெற்றோர் பேசுகிறார்கள், பதிலில் அமைச்சு பேசுகிறது. குலக்கல்விச் சண்டையிலும் தலைவர்கள்தான் பேசினார்கள். பிள்ளையின் குரலுக்கு நமக்கிருக்கும் ஒரே ஆவணம் இலக்கியம்தான், அதுவும் அநேகமாக வளர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து எழுதியது.

அதனால் நான் காத்திருக்கும் புத்தகம் ஒன்று உண்டு. 1996க்குப் பின் பிறந்து, இந்தச் சட்டத்தின்கீழ் விலக்குப் பெற்று, வீட்டில் படித்து, அந்த 33ஆம் இடத்தைத் தாண்டிய முதல் பிள்ளைகளுக்கு இப்போது என் வயது. அவர்களில் ஒருவர் தமிழில் எழுதிய எதையும் நான் இதுவரை வாசித்ததில்லை. அப்பா அம்மாக்கள் எழுதியவை வேண்டிய அளவு இருக்கின்றன. அவர்கள் நன்றி சொல்ல வேண்டும் என்றும் இல்லை, குற்றம் சாட்ட வேண்டும் என்றும் இல்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் இருக்கும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, செம்பவாங் பூங்காவில் அலைகளுக்கு அந்தப் பக்கம் ஜொகூரைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருந்தது, யாராவது ஒரு பாட்டி வந்து “ஸ்கூல் இல்லையா?” என்று கேட்டபோது என்ன பதில் சொன்னார்கள், அதை மட்டும் எழுதினாலும் போதும்.